இ-விசாவில் சிக்கித் தவிக்கும் ஒற்றைப் பெயர் பயணிகள்: தீர்வு எப்போது?

தூதரக வாசலில் வரிசையில் நிற்க வேண்டாம், பாஸ்போர்ட்டைக் கூரியரில் அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், வீட்டில் இருந்தபடியே விண்ணப்பித்து விசா பெறலாம் என்ற வாக்குறுதியோடுதான் இ-விசா என்னும் மின்னணு சுற்றுலா விசா நடைமுறைக்கு வந்தது. அண்டை நாடான இலங்கை 2012 ஜனவரியிலேயே இணையவழி பயண அனுமதி முறையைக் கொண்டுவந்துவிட்டது. வியட்நாம் 2023 ஆகஸ்ட் 15 முதல் 90 நாள் வரை தங்க இ-விசா வழங்கி வருகிறது. விசாவே தேவையில்லை என்று அறிவித்த மலேசியாவும் தாய்லாந்தும்கூட, பயணத்துக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகைப் படிவம் நிரப்பச் சொல்கின்றன. ஆனால், தமிழகத்தில் இருந்து சில நாள் பயணமாக வெளிநாடு சென்று வர விரும்பும் எளிய மக்களுக்கு இந்த வசதி பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தலைவலியாகவே இருந்து வருகிறது.

இது வசதி படைத்தவர்களின் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. சென்னை, திருச்சி, மதுரை, கோவை விமான நிலையங்களில் கொழும்புக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் புறப்படும் பயணிகளைப் பார்த்தாலே இது விளங்கும். பிள்ளையையும் பேரனையும் பார்க்கப் போகும் ஓய்வுபெற்ற தம்பதியர், தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கும் ஆடி மாதத்தில் கதிர்காமத்துக்கும் போகும் பக்தர்கள், உறவினர் வீட்டுத் திருமணத்துக்கோ துக்கத்துக்கோ அவசரமாகக் கிளம்புவோர், சீட்டுப் பணம் சேர்த்து முதன்முறையாக வெளிநாடு பார்க்கப் போகும் குடும்பங்கள் என நம்மைப் போன்றவர்களே அதிகம். 2023 அக்டோபரில் நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல் தொடங்கியபோதும், 2025 மார்ச் இறுதியில் திருச்சி - யாழ்ப்பாணம் விமானம் தொடங்கியபோதும் மகிழ்ந்தவர்கள் இவர்கள்தான். பயண வழிகள் பெருகிவிட்டன. ஆனால், அந்த வழியில் கால் வைப்பதற்கு முன் நிரப்ப வேண்டிய படிவத்தில்தான் பலரும் சிக்கிக்கொள்கிறார்கள்.

முதல் சிக்கல் பெயரிலேயே தொடங்குகிறது. இ-விசா படிவங்கள் பெரும்பாலும் குடும்பப் பெயருக்கு 'சர்நேம்' என்று ஒரு கட்டத்தையும், சொந்தப் பெயருக்கு 'கிவன் நேம்' என்று இன்னொரு கட்டத்தையும் வைத்திருக்கின்றன. இரண்டையும் நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாதபடி அமைந்த படிவங்கள் பல. தமிழகத்தில் நமக்குக் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் இல்லை. சாதிப் பெயரைப் பெயருக்குப் பின்னால் சேர்க்கும் வழக்கத்தை விட்டொழித்த பெருமையும் நமக்கு உண்டு. நம் பெயர், அதற்கு முன்னால் தந்தை பெயரின் முதல் எழுத்து, அவ்வளவுதான் நம் அடையாளம். பாஸ்போர்ட்டில் இனிஷியலுக்கு இடமில்லை. அதை விரித்து எழுத வேண்டும், இல்லையேல் விட்டுவிட வேண்டும். இதனால் ஒரு வீட்டிலேயே ஒருவர் பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் சர்நேம் ஆகியிருக்கும். இன்னொருவருக்கு இரண்டு பெயரும் ஒரே கட்டத்தில் சேர்ந்திருக்கும். மூன்றாமவருக்கு சர்நேம் இடமே வெறுமையாக இருக்கும்.

இப்படி சர்நேம் இடம் வெறுமையாக உள்ளவர்கள்தான் பெரும் பாடு படுகிறார்கள். விசா படிவம் சர்நேம் கேட்கிறது. ஒருவர் தந்தை பெயரை எழுதுகிறார். மற்றொருவர் தன் பெயரையே இருமுறை எழுதுகிறார். வேறொருவர் புள்ளி வைத்துப் பார்க்கிறார். அமெரிக்க விசாவில் 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதைக் குறிக்க வழங்கும் 'எஃப்.என்.யு' என்ற குறியீட்டை எங்கோ கேள்விப்பட்டு, அதை இங்கே எழுதுவோரும் உண்டு. விமான டிக்கெட் பதிவிலோ இது வேறு விதமாகப் போகிறது. ஆக, பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், விசாவில் ஒரு பெயர், டிக்கெட்டில் ஒரு பெயர். விமான நிறுவனத்தின் கவுன்ட்டரில் இந்த மூன்றும் ஒத்துப்போகவில்லை என்றால் பயணி திருப்பி அனுப்பப்படுகிறார். சரியான ஆவணம் இல்லாதவரை ஏற்றிச் சென்றால் அபராதமும் திரும்ப அழைத்து வரும் செலவும் விமான நிறுவனத்தின் தலையில் விழும் என்பதால், கவுன்ட்டரில் இருப்பவர் இரக்கம் காட்டுவதற்கு இடமே இல்லை. பெட்டி படுக்கையோடு விடியற்காலையில் வந்த குடும்பம், அழுதபடி ஊர் திரும்புகிறது.

இது எவ்வளவு பெரிய பிரச்னை என்பதை 2022 நவம்பர் மாதம் எல்லோருக்கும் காட்டியது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ளவர்களுக்கு சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. நவம்பர் 21 முதல் அந்த விதி நடைமுறைக்கு வந்தது. அங்கே குடியிருப்பு அனுமதி பெற்றவர்களுக்கு விலக்கு இருந்தது. விடுமுறைக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கோ இல்லை. டிக்கெட் எடுத்து வைத்திருந்தவர்கள் செய்வதறியாது நின்றார்கள். பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் அனுமதிக்கலாம் என்ற தளர்வு பின்னர் வந்தது. ஆனால், அந்தத் தளர்வு யாருக்குப் பொருந்தும், எந்த விமான நிறுவனம் அதை ஏற்கும் என்பதைத் தமிழில் தெளிவாக எடுத்துச் சொல்ல நம் தரப்பில் ஆள் இல்லை. இன்றுவரை பயணிகள் டிராவல்ஸ்காரர் சொல்வதை நம்பித்தான் போகிறார்கள்.

ஒற்றைப் பெயர் வைத்திருப்பது குற்றமல்ல. பயண ஆவணங்களுக்கான சர்வதேச விதிகளே ஒற்றைப் பெயருக்கு இடம் தந்திருக்கின்றன. நம் அரசும் சர்நேம் இடத்தை வெறுமையாக விட்டுத்தான் பாஸ்போர்ட் வழங்குகிறது. அப்படி வழங்கப்பட்ட பாஸ்போர்ட் வெளிநாட்டுப் படிவத்தில் செல்லாமல் போனால், அதற்கு விடை சொல்ல வேண்டிய கடமை வழங்கியவருக்கு இல்லையா? பாதிக்கப்பட்டவரிடம், "பாஸ்போர்ட்டில் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். மாற்றுவது எளிதா? இருக்கும் பாஸ்போர்ட்டில் திருத்தம் எழுதித் தரும் வழி இல்லை. புதிதாகத்தான் எடுக்க வேண்டும். 36 பக்க பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். தத்கால் என்றால் மேலும் 2,000 ரூபாய். ஆதாரிலும் பான் அட்டையிலும் பெயர் வேறு மாதிரி இருந்தால் அவற்றையும் திருத்த வேண்டும். போலீஸ் விசாரணை முடிய வேண்டும். பெரியவர்கள் நான்கு பேர் உள்ள குடும்பத்துக்குப் பாஸ்போர்ட் கட்டணம் மட்டுமே 6,000 ரூபாய் ஆகிவிடும். அலைச்சலுக்கும் இழந்த கூலிக்கும் கணக்கே இல்லை.

இரண்டாவது சிக்கல் போலி முகவரிகளும் இடைத்தரகு இணையதளங்களும். ஒரு நாட்டின் பெயரையும் விசா என்ற சொல்லையும் கைபேசியில் தட்டித் தேடினால், முதலில் வருவது அந்த நாட்டு அரசின் தளமாக இருப்பதில்லை. பணம் கொடுத்து விளம்பரமாக மேலே நிற்கும் தனியார் தளங்களே வருகின்றன. கொடி, இலச்சினை, நிறம் எல்லாம் அரசுத் தளம் போலவே இருக்கும். ஒருமுறை நுழைய வியட்நாம் அரசு வாங்கும் கட்டணம் 25 டாலர். பலமுறை நுழைய 50 டாலர். இடைத்தரகுத் தளங்களில் இதைப் போல் இரண்டு மடங்கும் மூன்று மடங்கும் பறிபோகிறது. மலேசியா, தாய்லாந்து, சிங்கப்பூர் நாடுகளின் வருகைப் படிவங்களுக்குக் கட்டணமே கிடையாது. இலவசமான அந்தப் படிவத்துக்கும் ஆளுக்கு இவ்வளவு என்று பணம் கறக்கும் தளங்கள் இயங்குகின்றன. பக்கத்தின் அடியில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் "இது அரசுத் தளம் அல்ல, சேவைக் கட்டணம் வசூலிக்கப்படும்" என்று எழுதி வைத்திருப்பதால், புகார் கொடுத்தாலும் மோசடி என்று நிரூபிப்பது கடினமாகிறது. அப்பட்டமான போலித் தளங்களில் சிக்கியவர்களுக்கோ பணத்தோடு பாஸ்போர்ட் நகலும் பிறந்த தேதியும் முகவரியும் பறிபோகின்றன.

படித்தவர்களும் ஏமாறும் நிலைமைக்கு 2024-இல் இலங்கை விசா பட்ட பாடே சாட்சி. அந்த ஆண்டு ஏப்ரலில் விசா வழங்கும் பணி தனியார் நிறுவனங்களின் கூட்டமைப்புக்கு மாற்றப்பட்டது. தளத்தின் முகவரி மாறியது. சேவைக் கட்டணம் என்ற பெயரில் செலவு கூடியது. அந்த நாட்டு மக்களே எதிர்த்து வழக்குத் தொடர்ந்தார்கள். ஆகஸ்டில் அங்குள்ள உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டம்பர் இறுதியில்தான் பழைய முறை திரும்பியது. ஆறு மாதத்துக்குள் இரண்டு முறை மாற்றம். எந்த முகவரி சரி, எந்தக் கட்டணம் சரி என்று தெரியாமல், ராமேஸ்வரத்தில் இருந்தும் நாகையில் இருந்தும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் நாட்டுக்குப் போக நினைத்த நம் மக்கள் குழம்பினார்கள். அப்போது "இதுதான் சரியான முகவரி" என்று தமிழில் ஒரு வரி சொல்லக்கூட நம் பக்கம் பொறுப்பான ஏற்பாடு எதுவும் இல்லை.

மூன்றாவது சிக்கல் பணம் கட்டுவதில். டீக்கடை வரை வந்துவிட்ட யுபிஐ, வெளிநாட்டு விசா தளங்களில் பெரும்பாலும் செல்லுபடியாவதில்லை. சர்வதேசப் பரிவர்த்தனைக்கு ஏற்ற டெபிட் அல்லது கிரெடிட் கார்டு தேவை. 2020-இல் கொண்டுவரப்பட்ட விதிப்படி, புதிய கார்டுகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்து தரப்படுகின்றன. வெளிநாட்டுப் பரிவர்த்தனை வேண்டுமானால் வாடிக்கையாளர்தான் தனியாகத் திறந்துகொள்ள வேண்டும். பாதுகாப்புக்காக வந்த நல்ல விதிதான். ஆனால், பலருக்கு அப்படி ஒரு விதி இருப்பதே பணம் கட்டும் நேரத்தில்தான் தெரிகிறது. பணம் கணக்கில் கழிந்துவிடும். தளத்திலோ கட்டணம் வரவில்லை என்று காட்டும். மறுபடியும் கட்டினால் இரண்டு முறை போய்விடும். வங்கிக் கிளையில் கேட்டால் அந்தத் தளத்தைக் கேட்கச் சொல்வார்கள். தளத்தில் மின்னஞ்சல் முகவரி ஒன்று மட்டும் இருக்கும், பதில் வராது.

இந்த மூன்று சிக்கலுக்கும் மேலே நிற்கிறது ஒரு பொதுவான விதி: கட்டிய கட்டணம் எந்தக் காரணத்துக்காகவும் திருப்பித் தரப்படாது. பாஸ்போர்ட் எண்ணில் ஆங்கில 'ஓ' எழுத்தும் பூஜ்ஜியமும் மாறினாலும் சரி, பிறந்த தேதியில் மாதமும் நாளும் இடம் மாறினாலும் சரி, திருத்தப் பல தளங்களில் வழி இல்லை. புதிதாக விண்ணப்பித்து, புதிதாகப் பணம் கட்ட வேண்டும். வியட்நாம் விசாவில் எந்த விமான நிலையம் வழியாக நுழைவது என்பதைக்கூட முன்கூட்டியே குறிப்பிட வேண்டும். இவ்வளவையும் ஆங்கிலத்தில் படித்து, புரிந்து, பிழையின்றி நிரப்ப வேண்டியவர் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு விவசாயியாக இருக்கலாம். வாழ்நாளெல்லாம் அடுப்படியில் கழித்த ஒரு தாயாக இருக்கலாம். அவர்கள் செய்யும் சிறு பிழைக்கும் முழுத் தண்டனை.

இயலாதவர்கள் பிரவுசிங் சென்டரை நாடுகிறார்கள். ஒரு விண்ணப்பத்துக்கு இவ்வளவு என்று அங்கே வரைமுறை கிடையாது. ஆளைப் பார்த்துச் சொல்வதுதான் விலை. அதைவிடக் கொடுமை, மின்னஞ்சல் இல்லாத முதியவர்களுக்குக் கடைக்காரர் தன் மின்னஞ்சலையே போட்டு விண்ணப்பித்துவிடுகிறார். விசா வந்ததா, கூடுதல் ஆவணம் கேட்டார்களா என்பது அந்தக் கடைக்காரருக்குத்தான் தெரியும். அவர் கவனிக்காமல் விட்டால் பயணத் தேதி கடந்துவிடும். சிங்கப்பூர் விசாவுக்கோ நாமே நேரடியாக விண்ணப்பிக்கவும் முடியாது. அங்கீகாரம் பெற்ற முகவர் மூலமோ அங்குள்ள உறவினர் மூலமோதான் செல்ல வேண்டும். அந்நாட்டு அரசு வாங்குவது 30 சிங்கப்பூர் டாலர். முகவர்கள் வாங்கும் தொகை ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. அரசுக் கட்டணம் எவ்வளவு, தன் கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதி ரசீது தருபவர்கள் அரிது.

இப்படி இடைத்தரகரை மட்டுமே நம்பும் நிலை வேறொரு ஆபத்துக்கும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. சுற்றுலா விசா எடுத்துத் தருகிறேன், அங்கே போனதும் வேலை விசாவாக மாற்றிவிடலாம் என்று ஆசை காட்டி, தமிழக இளைஞர்களைத் தென்கிழக்கு ஆசிய நாடுகளில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்க வைத்த சம்பவங்களை நாடறியும். 2022-இல் மியான்மரில் சிக்கிய நம் இளைஞர்கள் மீட்கப்பட்டு ஊர் திரும்பினார்கள். அந்தக் கும்பல்களைத் தடுப்பதற்காக விமான நிலையங்களில் விசாரணை கடுமையாகியிருக்கிறது. அது தேவைதான். ஆனால், அந்தக் கேள்விக் கணைகளுக்கு முன்னால், உண்மையாகவே சுற்றிப் பார்க்கப் போகும் இளைஞரும் குற்றவாளி போல நிற்க வேண்டியிருக்கிறது. விசா என்றால் என்ன, அதில் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று நம்பிக்கையான ஓர் இடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு இருந்திருந்தால், ஏமாந்தவர்களில் பலர் புறப்பட்டே இருக்க மாட்டார்கள்.

இந்தக் குறைகளை மக்கள் சொல்லாமல் இல்லை. மனுக்கள் கொடுத்திருக்கிறார்கள்; குறைதீர் முகாம்களில் பேசியிருக்கிறார்கள்; பயணிகள் அமைப்புகள் கடிதம் எழுதியிருக்கின்றன. ஒவ்வொரு முறையும் "பரிசீலனையில் உள்ளது" என்ற பதிலே வந்திருக்கிறது. தமிழில் வழிகாட்டி வரும் என்றார்கள். போலித் தளங்கள் மீது கடும் நடவடிக்கை என்றார்கள். ஒற்றைப் பெயர் பிரச்னை குறித்து சம்பந்தப்பட்ட நாடுகளோடு பேசப்படும் என்றார்கள். பொறுப்பில் இருந்தவர்கள் மாறினார்கள். வாக்குறுதிகள் அப்படியே நிற்கின்றன. பரபரப்பு எழும்போது ஓர் எச்சரிக்கை அறிக்கை வருகிறது. பரபரப்பு அடங்கியதும் அறிக்கையும் மறைந்துவிடுகிறது.

விசா கொடுப்பதும் மறுப்பதும் அந்தந்த நாட்டின் உரிமை. அதில் நாம் என்ன செய்ய முடியும் என்று அதிகாரிகள் கைவிரிப்பது வழக்கம். விசாவை வாங்கித் தரும்படி யாரும் கேட்கவில்லை. நம் பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி எழுதப்படுகிறது என்பது நம் கையில் இருக்கிறது. நம் மக்களுக்கு நம் மொழியில் சரியான தகவல் தருவது நம் கையில் இருக்கிறது. நம் நாட்டு இணையப் பயனருக்குக் காட்டப்படும் விளம்பரத்தைக் கட்டுப்படுத்துவதும், நம் ஊர் முகவர் தரும் ரசீதைச் சோதிப்பதும் நம் சட்டத்துக்கு உட்பட்டவையே. கோடிக்கணக்கானோருக்கு பாஸ்போர்ட் சேவையை இணையத்துக்குக் கொண்டுவந்த நிர்வாகத்துக்கு இவை செய்ய முடியாத வேலைகள் அல்ல.

முதலில் செய்ய வேண்டியது, பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போதே ஒற்றைப் பெயரால் வரக்கூடிய சிக்கலைத் தமிழில் எடுத்துச் சொல்லி, தந்தை அல்லது தாய் பெயரை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பதை விண்ணப்பதாரரே தெரிந்து முடிவு செய்ய வழி செய்வது. ஏற்கெனவே வெறுமையான கட்டத்தோடு பாஸ்போர்ட் பெற்றவர்கள், பெயரைப் பிரித்து எழுத மட்டும் மறுபடி விண்ணப்பித்தால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய வேண்டும். ஒற்றைப் பெயரோடே இருக்க விரும்புவோருக்கு அந்த உரிமையும் காக்கப்பட வேண்டும்; அவர்கள் விசா படிவத்தையும் டிக்கெட்டையும் எப்படி நிரப்புவது என்பதற்கு நாடுகளோடு பேசி ஒரே சீரான நடைமுறையை உருவாக்கி, அதை விமான நிறுவனங்களுக்கும் தெரியப்படுத்த வேண்டும்.

அடுத்து, நம் மக்கள் அதிகம் செல்லும் நாடுகளின் உண்மையான விசா தள முகவரி, கட்டணம், தேவையான ஆவணங்கள் ஆகியவற்றைத் தமிழில் ஒரே இடத்தில் வெளியிட்டு, மாற்றம் வரும்போதெல்லாம் புதுப்பிக்க வேண்டும். அதே பட்டியலை விமான நிலையங்களிலும் நாகை துறைமுகத்திலும் பாஸ்போர்ட் வழங்கும் இடங்களிலும் ஒட்டி வைக்க வேண்டும். ஊர்தோறும் உள்ள இ-சேவை மையங்களில் நிர்ணயித்த கட்டணத்துக்கு விசா விண்ணப்பம் நிரப்பித் தரும் வசதியைச் சேர்த்தால், பிரவுசிங் சென்டர் வசூல் தானாகக் குறையும். அரசுத் தளம் போல வேடமிட்டு விளம்பரம் செய்வோரைத் தேடல் பக்கங்களில் இருந்து நீக்கச் செய்ய வேண்டும். முகவர்கள் அரசுக் கட்டணத்தையும் தம் கூலியையும் பிரித்துக் காட்டும் ரசீது கட்டாயமாக்கப்பட வேண்டும். சர்வதேச முனையம் உள்ள நான்கு தமிழக விமான நிலையங்களிலும், பெயர்ப் பொருத்தச் சிக்கலோடு நிற்கும் பயணிக்காக விமான நிறுவனத்திடம் பேச ஓர் உதவி மேசை வேண்டும்.

இதற்கிடையே பயணிகளும் சிலவற்றைக் கடைப்பிடிப்பது நல்லது. அரசுத் தளங்களின் முகவரி இலங்கைக்கு 'கவ் டாட் எல்கே', வியட்நாமுக்கு 'கவ் டாட் விஎன்', மலேசியாவுக்கு 'கவ் டாட் எம்ஒய்', தாய்லாந்துக்கு 'கோ டாட் டிஎச்' என்று முடியும். வேறு மாதிரி முடிந்தால் பணம் கட்டும் முன் விசாரியுங்கள். விண்ணப்பத்தில் உங்கள் சொந்த மின்னஞ்சலையே கொடுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரைக் கண்முன் வைத்துக்கொண்டு டிக்கெட் எடுங்கள். போலித் தளத்தில் பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். ஆனால், மக்கள் விழிப்போடு இருக்க வேண்டும் என்று சொல்வதோடு நிர்வாகத்தின் கடமை முடிந்துவிடாது.

அடுத்த கோடை விடுமுறைக்கும் அடுத்த தைப்பூசத்துக்கும் நம் மக்கள் மீண்டும் இதே படிவங்களின் முன் உட்காரப் போகிறார்கள். அதற்குள் தமிழில் ஒரு பட்டியலும், ஒற்றைப் பெயருக்கு ஒரு தெளிவான விதியும், விமான நிலையத்தில் ஓர் உதவி மேசையும் வந்துவிட்டால் பலரின் பணமும் மானமும் காப்பாற்றப்படும். பரிசீலனை போதும். உரியவர்கள் உடனே செயலில் இறங்க வேண்டும்.